சத்தமும் குறையும்

பழைய கார் எஞ்சினில் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்கத் தொடங்கியதும் அதன் சொந்தக்காரன் முதலில் செய்வது, தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று முடிவு கட்டுவதுதான். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறான். பக்கத்தில் இருப்பவரிடம் சற்று உரக்கப் பேசுகிறான். இதெல்லாம் பலிக்காதபோது சத்தத்துக்குத் தானே ஒரு பெயர் வைக்கிறான். அவன் வைக்கிற பெயர் எப்போதும் செலவு குறைந்த பெயராகவே இருக்கும். 'டாப்பெட்தான்' என்று நானும் ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வண்டி, மாமா விட்டுப்போன 1984-ஆம் வருஷத்து அம்பாஸடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடியொற்றி, வங்காளத்து உத்தர்பாராவில் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை செய்யப்பட்ட ஜாதி. 1489 சி.சி., நாலு சிலிண்டர். வால்வுகள் மேலே இருக்கும். அவற்றைத் திறக்கும் கேம் தண்டு கீழே. நடுவில் நீண்ட குச்சிகளும் ராக்கர்களும். உலோகம் உலோகத்தைத் தட்டுவதற்கு இடம் நிறைய உள்ள எஞ்சின்.

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை விட்டுச் சற்று உள்ளே தகரக் கொட்டகையில் வேலை செய்யும் பாயிடம் கொண்டுபோனேன். போய் நிறுத்தியதும் சத்தம் அடங்கிவிட்டது. டாக்டர் வீட்டு வாசலில் பல்வலி நிற்பதுபோல. பாய் எஞ்சினைத் தொடவில்லை. கேள்விகள்தான் கேட்டார். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, சூடானபிறகா? ஏற்றத்திலா, சமதரையிலா? ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா? ஒன்றுக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு வருஷமாகக் காதில் விழுந்துகொண்டிருந்த ஒன்றைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"வுட்டுட்டுப் போங்க சார். காலைல ஆறிக் கெடக்கும்போது நான் பாக்குறேன்."

மறுநாள் அவரே ஸ்டார்ட் செய்தார். நீளமான திருப்புளியின் முனையை ராக்கர் மூடியில் வைத்துக் கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டார். 1816-ல் பாரிஸில் லென்னெக் என்ற டாக்டர் ஒரு காகிதச் சுருளை நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டாரே, அதே காரியம். டிக் டிக் என்ற மெல்லிய சத்தம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் வால்வு ஒருமுறை திறக்கிறது. ஆகவே வால்வுப் பக்கத்துச் சத்தம் எஞ்சினின் பாதி வேகத்தில்தான் வரும். இதைப் பாய் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதில்லை. தாளம் தவறுவது பாடகனுக்குத் தெரிவதுபோல அவருக்குத் தெரிகிறது.

ஆனால் டிக் டிக் என்றால் டாப்பெட் என்று எந்த விதியும் இல்லை. புகை போகிற குழாய் தலையோடு சேருமிடத்தில் கேஸ்கெட் விட்டுப்போனாலும், குளிர்ந்த எஞ்சினில் அப்படியே டிக் டிக் என்று கேட்கும். பெட்ரோல் பம்பும் அப்படித் தட்டும். மணிமேகலையில் அறவண அடிகள் சொல்லித்தரும் அளவையில் மலையில் நெருப்புண்டு, புகை இருப்பதால், அடுக்களையைப் போல, என்ற பழைய எடுத்துக்காட்டு வருகிறது. கண்ணில் படுவது ஆவியா பனியா புகையா என்று தெளியாமலே நெருப்பு என்று துணிவதை ஏதுப்போலிகளில் ஒன்றாக அதே காதை வைத்திருக்கிறது. இந்த ஊர்க்காரர்களுக்கு இது வெறும் தர்க்கப் பாடம் அல்ல. கார்த்திகையில் தீபம் எரியும் பதினோரு நாளும் மலையுச்சியில் மேகம் வந்து உட்கார்ந்துகொண்டால், கீழே இருந்து பார்க்கிறவனுக்குத் தான் காண்பது புகையா மேகமா என்று சொல்ல முடியாது. அங்கே நெருப்பு இருப்பது முன்பே தெரியும் என்பதால் புகை என்கிறான். நானும் டாப்பெட் என்று முன்பே முடிவு செய்திருந்ததால்தான் டாப்பெட்டைக் கேட்டேன். விமர்சனம் என்ற பெயரில் நம்மிடையே நடப்பதிலும் பெரும்பகுதி இப்படித்தான். எழுத்தில் எங்கோ ஒரு சத்தம் கேட்டதும் கைவசம் உள்ள பெயரை எடுத்து ஒட்டிவிடுகிறோம்.

பாய் ராக்கர் மூடியைக் கழற்றி, அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு இடைவெளிக்கு கேஜ் வைத்துச் சரிசெய்தார். ஒரு டாப்பெட் தளர்ந்துதான் இருந்தது. மூடியபிறகும் லேசாகச் சத்தம் இருந்தது. இன்னும் கொஞ்சம் இறுக்கினால் என்ன என்று கேட்டேன்.

"டாப்பெட் கொஞ்சம் பேசணும் சார். பேசலைன்னா வால்வு எரிஞ்சிடும்."

அது உண்மை. இடைவெளி போதாவிட்டால் சூட்டில் நீளும் வால்வு முழுதாக மூடாது. மூடாத வால்வு தன் சூட்டைத் தலைக்குள் இறக்க வழியில்லாமல் கருகும். இந்த எஞ்சினில் ஆரோக்கியத்துக்கே ஒரு சத்தம் உண்டு. மௌனம் இங்கே குறையின் அடையாளம்.

பிறகு வண்டியை ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைப்பாதைக்கு ஓட்டினோம். டிக் டிக் குறைந்துவிட்டதால் அதன் கீழே ஒளிந்திருந்த இன்னொரு சத்தம் வெளியே வந்தது. கனமான, மந்தமான அடி. ஏற்றத்தில் மிதித்தால் வருகிறது, சமதரையில் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் பின்னுக்குத் திருப்பிப் பார்த்தார். பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பதால் வரும் தட்டலாக இருந்தால் அடங்கியிருக்கும். அடங்கவில்லை. வண்டியை நிறுத்தி, எஞ்சினை அந்தச் சத்தம் வரும் வேகத்துக்கு உயர்த்தி, திருப்புளியால் ஒவ்வொரு பிளக்காக நெருப்பை நிறுத்தினார். மூன்றாவதை நிறுத்தியபோது அடி மங்கியது. விட்டதும் மறுபடி வந்தது. ஒன்று இருந்தால் மற்றது இருப்பதையும், இல்லாவிட்டால் இல்லாததையும் சேர்த்துப் பார்ப்பதை நையாயிகர்கள் அன்வயம், வியதிரேகம் என்றார்கள். பாய் "மூணாவது ராடு பேரிங்" என்றார்.

கிராங்கைக் கிரைண்டிங் கொடுத்து புது பேரிங் போடவேண்டும். என் கையில் அவ்வளவு இல்லை. வண்டியை விற்பதென்று தீர்மானித்தேன். புரோக்கர் உடனே வழி சொன்னார்: கெட்டி ஆயில் ஊற்றினால் ஒரு மாதம் சத்தம் வராது. இது அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. பழைய கார் விற்கிற இடமெல்லாம் தெரிந்த வித்தை.

இந்த இடத்தில் பெரிய அளவில் நடந்த ஒன்றை நினைக்கவேண்டியிருக்கிறது. பெட்ரோல் தட்டலை அடக்கும் மருந்தைத் தேடி 1921-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி ஈயக் கூட்டுப்பொருள் ஒன்றைக் கண்டார். சாராயம் கலந்தாலும் தட்டல் அடங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று நம் பெட்ரோலில் கலப்பது அந்த எத்தனாலைத்தான். ஆனால் ஜெயித்தது ஈயம். 'எத்தில்' என்று பெயரிட்டு, ஈயம் என்ற சொல்லை விட்டுவிட்டு விற்றார்கள். 1924-ல் நியூஜெர்ஸியில் அதைத் தயாரித்த கூடத்தில் ஐந்து தொழிலாளர்கள் சித்தம் கலங்கிச் செத்தார்கள். அதன்பிறகும் இந்தியாவில் 2000 வரை, உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021 வரை அது விற்பனையில் இருந்தது. கவனிக்க வேண்டியது, ஈயம் சத்தத்தை மூடிமறைக்கவில்லை. தட்டலையே நிறுத்தியது. எஞ்சினைப் பொறுத்தவரை அது நல்ல மருந்து. எஞ்சினிலிருந்து போன கேடு தெருவோரத்துக் குழந்தைகளின் ரத்தத்தில் போய்ச் சேர்ந்தது. அங்கே அது சத்தம் போடவில்லை.

குறை தீர்வதும் குறை இடம் மாறுவதும் நம் காதுக்கு ஒரே மாதிரிதான் இருக்கின்றன. இரண்டிலும் நமக்குக் கிடைப்பது அமைதி. ஆகவே சத்தம் நின்றதும் கேட்கவேண்டிய கேள்வி, அது இப்போது யாரிடம் இருக்கிறது என்பது. இன்றைய கார்களில் எஞ்சினோடு ஒரு செவியையே பொருத்தி, தட்டல் தொடங்கும்போதே தானாகச் சரிசெய்துகொள்ள வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். இந்தக் கேள்வியைக் கேட்கும் வேலையை அது எடுத்துக்கொள்ளாது.

கெட்டி ஆயில் ஊற்ற நான் மறுத்துவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. போளூரிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். பௌர்ணமிக் கூட்டத்துக்கு வாடகைக்கு ஓட்ட வேண்டும் என்றார். அவரை முன்சீட்டிலும் பாயைப் பின்சீட்டிலும் உட்காரவைத்து நானே ஓட்டினேன். கிரிவலப் பாதையில் ஓட்டினேன். பதினாலு கிலோமீட்டர், சமதரை. செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தவர்களுக்கு வழிவிட்டு, காலை அழுத்தாமல், கியரை முன்கூட்டியே மாற்றி. எஞ்சின் பூப்போல ஓடியது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான் பொய் எதுவும் சொல்லவில்லை. முன்பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

பாய் இறங்கிக் கதவைச் சாத்தினார். "மெதுவா ஓட்டினீங்க சார்" என்றார். அவ்வளவுதான். குரலில் குற்றச்சாட்டு இல்லை. மூணாவது ராடு பேரிங் என்று சொன்ன அதே குரல்.

டீ குடித்துவிட்டு வந்தவரை ஏற்றிக்கொண்டு போய் மலைப்பாதையில் மிதித்துக் காட்டினேன். பேரிங் செலவைக் கழித்துக்கொண்டு வண்டியை வாங்கிப்போனார். இதை என் நேர்மை என்று நான் கருதவில்லை. கெட்டி ஆயிலுக்குப் பதிலாக நான் தேர்ந்தெடுத்தது ஒரு சமதரைச் சாலை. அதை ஒருவர் கேட்டுவிட்டார். பாய் அன்று பின்சீட்டில் இருந்திராவிட்டால் நான் என்ன செய்திருப்பேன் என்பது எனக்குத் தெரியும்.