சொல்லாமல் விட்ட சேதி

'அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ். உடனே கிளம்பி வா.'

இதற்கு என்ன அர்த்தம் என்று நமக்கெல்லாம் தெரியும். அப்பா போய்விட்டார். வழியில் பையன் உடைந்துவிடக் கூடாதே என்று சொல்கிற பொய். நானும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன், சொந்தக்காரத் தம்பி ஒருவனிடம்.

ஆனால், நல்ல மனசோடு கெட்ட சேதியை மறைக்க நமக்கு எவ்வளவு தூரம் உரிமை உண்டு?

2007 ஏப்ரல் 16. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம். காலை ஏழே கால் மணிக்கு ஹாஸ்டலில் இரண்டு பேர் சுடப்பட்டார்கள். ஏதோ சொந்தத் தகராறு, சுட்டவன் வெளியே போயிருப்பான் என்று போலீஸ் நினைத்தது. மாணவர்களுக்கு முதல் ஈ-மெயில் போனபோது மணி 9.26. அடுத்த கால் மணி நேரத்துக்குள், அதே ஆள் நாரிஸ் ஹால் என்ற கட்டடத்தின் வாசல்களைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, வகுப்பு வகுப்பாகப் போய்ச் சுட்டான். அன்று பலியானவர்கள் மொத்தம் 32 பேர். அதில் ஒருவர், கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் பிறந்த நம்ம ஊர்ப் பேராசிரியர் ஜி.வி.லோகநாதன்.

ஒரு வகுப்பில் கதவுக்கு மேஜையை முட்டுக்கொடுத்துப் படுத்துக்கொண்டார்கள். அவனால் உள்ளே வர முடியவில்லை. அத்தனை பேரும் பிழைத்தார்கள். இன்னொரு வகுப்பில், நாஜிக்களின் யூதப் படுகொலையில் உயிர் தப்பிய 76 வயது பேராசிரியர் லிவியூ லிப்ரெஸ்கு, கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். மாணவர்கள் ஜன்னல் வழியே குதித்தார்கள். அவர் குண்டடிபட்டு இறந்தார்.

சேதி தெரிந்ததும் சில நொடிகளில் இவ்வளவு செய்ய முடிந்தது அவர்களால். நிர்வாகத்தின் கையில் இருந்ததோ இரண்டு மணி நேரம்.

வழக்கு நடந்தது. 2012-ல், எச்சரிக்காதது தவறு என்றது ஜூரி. 2013-ல், அப்போது தெரிந்த தகவல்படி எச்சரிக்கும் சட்டக் கடமை கிடையாது என்று அதைத் தள்ளியது வர்ஜீனியா உச்ச நீதிமன்றம். சட்டம் சரியாகவே இருக்கட்டும். மனசாட்சி?

நான் காமர்ஸ் படித்தவன். வரலாம், வராமலும் போகலாம் என்கிற நஷ்டத்தைக்கூட பாலன்ஸ் ஷீட்டுக்கு அடியில் குறிப்பாகப் போடணும். 'கன்டின்ஜென்ட் லயபிலிட்டி' என்று பேர். பங்குதாரர் பயந்துடுவாரே என்று மறைக்க முடியாது. பணம் அவருடையது, முடிவும் அவருடையது. பணத்துக்கே இந்த மரியாதை!

'எல்லாத்துக்கும் மணி அடிச்சா, நிஜ ஆபத்துல யாரும் மதிக்க மாட்டாங்க சார்' என்பீர்கள். நியாயம்தான். அதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. தெரிந்ததை, தெரிந்த அளவுக்குச் சொன்னால் போதும். 'சுட்டவன் பிடிபடவில்லை. ஜாக்கிரதை.' மூன்றே சொல். 2008-ல் அமெரிக்கச் சட்டமும் திருந்தியது. ஆபத்து உறுதியானால் வளாகத்துக்கு உடனே தெரிவித்தாக வேண்டும்.

இறந்தவரைப் பற்றிய சேதியை ஆறு மணி நேரம் தள்ளிப்போடலாம். நடந்தது மாறப்போவதில்லை. உயிரோடு இருப்பவர்களைக் காப்பாற்றக்கூடிய சேதியைத் தள்ளிப்போட நாம் யார்?

அந்தத் தம்பி பல வருஷம் கழித்துச் சொன்னான்:

'பஸ் ஏறும்போதே எனக்குத் தெரியும்ணே. நான் தாங்க மாட்டேன்னு நீங்கதான் நினைச்சுக்கிட்டீங்க.'