பத்து வெள்ளியின் தர்மம்

போன மாதம் ஈப்போ, புந்தோங்கில் நம் இளைஞர்கள் கூட்டம். படிப்பு, தொழில் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். நான் கோலாலம்பூரில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். புதிதாகத் தொடங்கும் தொழில்நுட்பக் கம்பெனிகளுக்கு, அவை ஒரு காசு லாபம் பார்ப்பதற்கு முன்பே பணம் போடுவது எங்கள் தொழில். வென்ச்சர் கேப்பிட்டல் என்பார்கள். பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்தான்.

"அண்ணே, பத்து கம்பெனியில போட்டா பாதிக்கு மேல மூழ்கிடும்னு நீங்களே சொல்றீங்க. போடுறதும் உங்க காசு இல்ல. அப்போ இது அடுத்தவங்க காசுல சூதாடுறதுதானே?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் காரில் திரும்பும் வழி முழுக்க அந்தக் கேள்வி என்னோடு வந்தது. அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

வள்ளுவர் சூதுக்கென்றே 94ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். அதே பொருட்பாலில் 47ஆம் அதிகாரம், தெரிந்துசெயல்வகை. எவ்வளவு போகும், எவ்வளவு வரும் என்று எண்ணிப் பார்த்து இறங்கச் சொல்வது அது. வரப்போகும் லாபத்தை நம்பிக் கையில் இருக்கும் முதலையும் இழக்கும் வேலையில் அறிவுள்ளவன் இறங்கமாட்டான் என்றும் அங்கே சொல்கிறார். இரண்டு அதிகாரத்துக்கும் நடுவில்தான் என் தொழில் நிற்கிறது. எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் கேள்வி.

இதற்குப் பதில் நம் பேராக்கிலேயே இருக்கிறது. கோலகங்சார் போனால் ஒரு பழைய ரப்பர் மரத்தைப் பார்க்கலாம். 1876இல் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. முளைத்தவை 3,000கூட இல்லை. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அதன் பிறகும் ஏறக்குறைய இருபது வருடம் இங்கே இருந்த தோட்டக்காரர்கள் அதைச் சீண்டவில்லை. காப்பிதான் காசு என்றார்கள். சிங்கப்பூர் பூங்காவின் ரிட்லி, விதையைப் பையில் போட்டுக்கொண்டு பார்த்தவர்களிடமெல்லாம் நடச் சொன்னார். அவருக்குக் கிடைத்த பட்டம் "பைத்தியக்கார ரிட்லி". 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் துணிந்து நட்டார். நட்ட மரம் பால் தர ஆறேழு வருடம் ஆகும். கார் டயருக்கு ரப்பர் தேவைப்பட்டபோது உலகமே மலாயாவைத் திரும்பிப் பார்த்தது.

யாராவது ஒருவர் "தோற்றாலும் பரவாயில்லை" என்று முதலில் நட்டால்தான் புதியது எதுவும் வளரும். சூதில் ஒருவன் தோற்பதுதான் இன்னொருவன் ஜெயிப்பது. முதலீட்டில் உழைப்பு இருக்கிறது, முன்பு இல்லாத ஒன்று உண்டாகிறது. தம்பி கேள்விக்குப் பாதிப் பதில் இது.

மீதிப் பாதிக்கு என் பாட்டியிடம் போக வேண்டும். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்குப் போய், மரம் சீவி, மங்கில் பால் எடுத்து வாழ்ந்தவர். ரப்பர் விலை ஏறினால் லண்டன் பங்குதாரருக்கு லாபம். விலை விழுந்தால்? 1930களின் மந்தத்தில் நம்மவர்கள் ஆயிரமாயிரமாகக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பின்னாளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்று, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்தபோது, வேலையோடு லயத்து வீடும் போனது. நஷ்டத்தில் முழுப் பங்கு, லாபத்தில் ஒன்றுமில்லை. என்ன ஆபத்து என்று அவர்களிடம் யாரும் சொன்னதும் இல்லை, கேட்டதும் இல்லை.

அதே சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி போடுங்கள், துண்டாடப்படும் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார். தினக்கூலி சில வெள்ளியாக இருந்த காலம் அது. அந்தப் பணத்தில்தான் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அதுவும் ஆபத்தான முதலீடுதான். ஆனால் போட்டவருக்கு எதில் போடுகிறோம் என்று தெரியும், தாங்கக்கூடிய தொகையை மாதாமாதம் போட்டார், விளைந்தால் பங்கும் அவருக்கே.

இதிலிருந்து நான் ஓர் அளவுகோல் எடுத்துக்கொண்டேன். இது தோற்றால் யார் வீட்டில் அடுப்பு எரியாது? அவருக்கு அது முன்பே தெரியுமா?

இந்த அளவுகோல் எனக்குச் சும்மா வரவில்லை. சில வருடம் முன்பு பேராக் தோட்டக் குடும்பத்துப் பையன் ஒருவன் தன் கம்பெனிக்குப் பணம் கேட்டு எங்களிடம் வந்தான். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. இரண்டாவது மாதமே எங்கள் கூட்டத்தில் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. நான் அதை அவனிடம் சொல்லவில்லை. "இன்னும் கொஞ்சம் வளர்ச்சி காட்டுங்க, பார்க்கலாம்" என்றேன். எங்கள் தொழிலில் இது சகஜம். நாளைக்கு அவன் பெரிய ஆளாகிவிட்டால் கதவு திறந்திருக்கட்டும் என்ற கணக்கு. எட்டு மாதம் காத்திருந்தான். பிறகு கம்பெனியை மூடினான்.

அடுத்த தைப்பூசத்தில் ஈப்போ கல்லுமலைக் கோயிலில் அவன் அம்மாவோடு நின்றான். அறிமுகப்படுத்தினான். அந்த அம்மா கோபப்படவே இல்லை. "நீங்கதான் பார்க்கலாம்னு சொன்ன தம்பியா? நான்தான் அம்பத்தஞ்சு வயசுல எடுத்த இபிஎஃப் காசைக் கொடுத்து, விடாதடா, அவங்க போடுவாங்கன்னு சொன்னேன்" என்றார்.

என்னால் ஒன்றும் பேச முடியவில்லை.

என்னைத் தேற்றிக்கொள்ளக் கர்மயோகத்தைத் துணைக்கு இழுத்தேன். கடமையைச் செய்தேன், பலன் என் கையில் இல்லை என்று. பொருந்தவில்லை. கீதை என் பலனைத்தான் விடச் சொல்கிறது. அந்த அம்மாவின் சேமிப்பை விட்டுவிட எனக்கு யார் உரிமை கொடுத்தது? கடமையையும் நான் செய்யவில்லை. "இல்லை" என்ற ஒரு சொல்தான் அன்று என் கடமை. எங்கள் நிதியில் பணம் போடுகிற பெரிய நிறுவனங்கள் நஷ்டத்தைத் தெரிந்தே வருகின்றன, தாங்கவும் முடியும். நான் வாயை மூடிக்கொண்டதால் ஆபத்து அவர்களிடமிருந்து ஓர் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு அந்தத் தம்பி சொன்னது சரிதான். நான் அடுத்தவர் காசில் சூதாடித்தான் இருக்கிறேன். அந்தக் காசு எங்கள் கணக்கில்கூட இல்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு இரண்டு வாரத்துக்குள் பதில் சொல்லிவிடுகிறேன். முடியாது என்றால் முடியாது, ஏன் என்பதோடு. வீட்டுப் பணம் உள்ளே வந்திருக்கிறதா என்றும் கேட்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளே, வாருங்கள். நம்மவர்கள் தேவை. ஆனால் முதலில் ஒரு கம்பெனியில் வியர்வை சிந்துங்கள். 1998இல் கூகுளின் ஆரம்ப முதலீட்டாளர்களில் ஒருவரான ராம் ஸ்ரீராம், சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரி. அதற்கு முன் நெட்ஸ்கேப்பிலும் ஜங்லியிலும் வேலை பார்த்தவர். உள்ளே இருந்து கஷ்டம் தெரிந்தவர்தான் வெளியே இருந்து பணம் போடலாம். கம்பெனி தொடங்கப் போகிறவர்களே, "பார்க்கலாம்" என்பது பதில் இல்லை. தேதி கேளுங்கள். அம்மாவின் இபிஎஃப், அக்காவின் நகை, இரண்டிலும் கைவைக்காதீர்கள்.

புந்தோங்கில் கேள்வி கேட்ட தம்பி, போன வாரம் தன் திட்டத்தை எனக்கு அனுப்பினான். பத்தாவது நாள் முடியாது என்று காரணத்தோடு எழுதினேன். கோபமாகப் பதில் போட்டிருக்கிறான். பரவாயில்லை. அடுத்த திட்டத்தோடு வரட்டும். அதுவரை அவன் வீட்டுப் பணம் வீட்டிலேயே இருக்கட்டும்.