அன்பு மட்டும் போதுமா?

பிற உயிர்களிடம் அன்பு செலுத்துதல் உயர்ந்த குணம் என்பதை மறுப்பார் இலர். ஆயின், அறிவோடு சேராத அன்பு அறமாகுமா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் வினா. பச்சோந்தி வளர்க்கும் ஆசை பரவிவரும் இக்காலத்தில் இவ்வினா வீண் வினா அன்று.

செடெனாக்கில் மரஞ்செடிகளில் திரியும் பச்சை ஓணானை நம்மவர் பச்சோந்தி என்பர். மலாய்க்காரர் சும்பா சும்பா என்பர். உண்மைப் பச்சோந்தி இம்மண்ணுக்கு உரியதன்று. இந்தியாவிலும் இலங்கையிலும் ஓரினம் உண்டு. 1972-ஆம் ஆண்டின் சட்டம் அதனை இந்தியாவில் காக்கின்றது. கடைகளில் விற்கப்படுவன பெரும்பாலும் ஏமன், மடகாஸ்கர் நாடுகளின் இனங்களாம்.

அதனை வாங்கியவர் அன்போடு கிண்ணத்தில் நீர் வைக்கின்றார். அதுவோ இலைமேல் வழியும் துளிகளை நக்கிக் குடிக்கும் பிராணி. தேங்கிய நீரைப் பெரும்பாலும் நாடாது. ஆகவே, நீரருகிலேயே தாகத்தால் வாடுகின்றது. கண்ணாடிப் பெட்டியில் வைத்து வெயில் காட்டுகின்றார். எலும்புக்கு உரமளிக்கும் புறஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகின்றது. அக்கதிரும், பூச்சி இரைமேல் தூவும் சுண்ணச்சத்தும் இல்லையெனில் எலும்பு மெலிந்து கால்கள் வளையும். தனித்து வாழும் இயல்புடைய அதற்குத் துணையென்று மற்றொன்றைச் சேர்க்கின்றார். இரண்டும் அஞ்சி நலிகின்றன. கையிலெடுத்துக் கொஞ்சுகின்றார், அது கறுக்கின்றது. அந்நிற மாற்றத்தை வேடிக்கையென்று எண்ணி மகிழ்கின்றார்!

சமயத்திற்கேற்ப மாறும் வஞ்சகனைப் பச்சோந்தி என்று நாம் ஏசுகின்றோம். அதன் தோலிலுள்ள நுண்ணிய படிகங்களின் இடைவெளி மாறுவதாலேயே நிறம் மாறுகின்றதென்று 2015-இல் ஜெனீவா அறிஞர்கள் விளக்கினர். அச்சம், சினம், குளிர் ஆகிய தன் நிலையை அது நிறத்தால் வெளியிடுகின்றது. மனிதனோ உள்ளத்தை மறைக்கவே நிறம் மாறுகின்றான். இவ்விருவருள் வஞ்சகர் யார்?

பழங்கதையை நம்பி ஓணான்மேல் கல்லெறியும் சிறுவனும், அன்பையே நம்பிக் கிண்ணம் வைக்கும் பெரியவரும் ஒரே முடிவையே விளைவிக்கின்றனர். ஒருவரிடம் வெறுப்பு, மற்றவரிடம் விருப்பம்; அறியாமை இருவர்க்கும் பொது. சாகும் உயிருக்கு வேற்றுமை ஏது?

தோட்டத்து மக்களாகிய நமக்கு இது புதிய பாடமன்று. “கூரையும் அரிசியும் கொடுத்தோம், இன்னும் என்ன குறை?” என்று கேட்ட துரைமார் காலத்தை நம் முன்னோர் லயங்களில் கண்டனர். கொடுப்பவன் தன் மனநிறைவையே அளவுகோலாகக் கொண்டான். பெறுபவனின் தேவையை வினவினானில்லை. அன்று நமக்குச் செய்யப்பட்டதை இன்று வாயற்ற பிராணிக்கு நாம் செய்யலாமா?

அப்படியாயின் ஒருவரும் வளர்க்கலாகாதோ எனின், அங்ஙனம் கூறோம். சட்டத்தை விசாரித்து, காட்டில் பிடித்ததை விலக்கி, வலைக்கூடும் செடியும் தக்க விளக்கும் முன்னரே அமைத்து, அதன் நிறத்தையும் கண்ணையும் நாள்தோறும் கவனிக்க வல்லவர் வளர்க்கலாம். பகலில் கண்மூடிக் கிடப்பின் அது நோயின் அறிகுறி. உடனே விலங்கு மருத்துவரை நாடுதல் கடன். இவற்றைக் கற்கப் பொறுமையில்லாதவர் மரத்திலுள்ள ஓணானை எட்ட நின்று கண்டு மகிழ்வாராக. அதுவும் அன்பே; அதனால் ஓருயிரும் வாடாது.