முடியவில்லையா, மனமில்லையா?



ஒரு பிள்ளை வாசிக்கமாட்டேன் என்கிறான். "மனசு வைக்கமாட்டேங்கிறான்" என்று சொல்லிவிட்டால் நம்முடைய வேலை முடிந்தது, மீதியைப் பிரம்பு பார்த்துக்கொள்ளும். "அவனால் முடியவில்லை" என்று ஒத்துக்கொண்டாலோ வேலை நம் தலையில் விழுகிறது. 2013-ல் நான் முதலாவதைச் சொன்னேன். அதை இங்கே அறிக்கையிடவேண்டும் என்று வெகுநாளாய் என் மனதில் பாரம்.

அந்த வருஷம் ஞாயிறு பள்ளியில் பத்து வயதுப் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். வரிசையாய் எழுந்து ஆளுக்கொரு வசனம் வாசிக்கவேண்டும். ஒரு பையன் மட்டும் தன் முறை வரும்போது பக்கத்திலிருப்பவனைக் கிள்ளுவான், தண்ணீர் குடிக்கப் போவான், பென்சிலைக் கீழே போட்டுவிட்டு பெஞ்சுக்கடியில் நுழைந்துகொள்வான். கதை சொல்லச் சொன்னாலோ, கோலியாத்துக்கு முன்பாகத் தாவீது நின்றதைக் கூடவே நின்று பார்த்தவன்போல் சொல்லுவான். இத்தனை பேசுகிற வாய்க்கு வாசிக்க மட்டும் ஏன் வலிக்கிறது? கொழுப்பு என்று தீர்மானித்தேன். வாசிக்கும்வரை நிற்கவைத்தேன். பிரம்பைப்பற்றிய வசனம் எனக்கு மனப்பாடம்.

ஒருநாள் அவனுடைய அம்மா கூட்டிக்கொண்டு வந்தார்கள். "பிரதர், சனிக்கிழமை ராத்திரியே வயித்த வலிக்குதுங்கிறான். நீங்களே தலையில கை வச்சு ஒரு ஜெபம் பண்ணுங்க."

எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் தலையில் கை வைத்து, மந்தபுத்தியையும் சோம்பலையும் இவனைவிட்டு அகற்றும் என்று சத்தமாய் ஜெபித்தேன். பையன் தேம்பித் தேம்பி அழுதான். மனந்திரும்புகிறான் என்று நினைத்து ஸ்தோத்திரம் சொன்னேன்!

சில மாதம் கழித்து, படிக்கக் கஷ்டப்படுகிற பிள்ளைகளுக்கென்றே பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒரு சகோதரி எங்கள் கூட்டத்துக்கு வந்தார்கள். பையனோடு கொஞ்சநேரம் பேசிப்பார்த்துவிட்டு, "முதல்ல கண்ணையும் காதையும் சோதிச்சுப் பாருங்க. அப்புறம் ஒரு மனநல நிபுணர்கிட்ட காட்டுங்க. டிஸ்லெக்ஸியாவா இருக்கலாம்" என்றார்கள். கண்ணில் குறையில்லை, காதில் குறையில்லை. அவர்கள் சொன்னதுதான் சரியாயிருந்தது.

எனக்கு அந்தச் சகோதரி விளக்கியது இது. 'படம்' என்பதற்கும் 'பாடம்' என்பதற்கும் நடுவே ஒரே ஒரு துணைக்கால்தான். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, வாய்க்கோ 'க்' என்ற ஒலிதான் முன்னால் வருகிறது. 'கொ' என்றால் இரண்டு பக்கமும் அடையாளம். ஒலியையும் எழுத்தையும் இப்படிச் சேர்க்கிற வேலை நமக்குப் பழகியபின் தானாக நடக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு அப்படி நடப்பதில்லை. ஒவ்வொரு சொல்லையும் புதிதாய்க் கூட்டிக் கண்டுபிடிக்கவேண்டும். புத்திக்குறைவினால் வருவதல்ல. குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு. அவனுடைய அப்பா ஆறாம் வகுப்போடு நின்றவர் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். அவரை எத்தனை வாத்தியார்கள் நிற்கவைத்தார்களோ.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1896-லேயே பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர், பதினாலு வயதுப் பையன் ஒருவனைப்பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியிருக்கிறார். கணக்கு வருகிறது, எழுத்து வரவில்லை. எல்லாவற்றையும் வாயாலேயே சொல்லிக்கொடுத்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய வாத்தியார் சொன்னாராம். அந்த வாத்தியாருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் அந்தக் கிள்ளலும் பெஞ்சுக்கடியில் நுழைவதும் என்ன? இதை வெகுநாள் யோசித்தேன். 'மக்கு' என்ற பெயரைவிட 'சேட்டைக்காரன்' என்ற பெயர் ஒரு பிள்ளைக்கு மேலானது. சேட்டைக்காரன் நினைத்தால் திருந்தலாம், மக்கு நினைத்தாலும் முடியாது என்றல்லவா ஊர் சொல்கிறது? ஆகவே முடியாமையை மறைக்க அவன் தானே மனமில்லாதவன் வேஷம் போட்டுக்கொள்கிறான். நாமும் அதை அப்படியே நம்பி அடிக்கிறோம். அவன் வெட்கமும் நம் அவசரமும் சேர்ந்து ஒரு பொய்யைச் சாதித்துவிடுகின்றன.

அதற்காக எல்லாவற்றையும் விட்டுவிடலாமா? கூடாது என்பது என் எண்ணம். ஒருநாள் ஒரு சின்னப் பெண்ணைத் தள்ளிவிட்டான், உதட்டில் ரத்தம். அவளிடத்தில் போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன், கேட்டான். கையை அடக்க அவனால் கூடும். வாசிப்புக்காக மட்டும் அதற்குப்பின் அவனை நிற்கவைக்கவில்லை. "யாருக்கு வாசிக்க விருப்பம்?" என்றுதான் கேட்டேன். வசனத்தை முந்தின வாரமே அவனுக்குச் சொல்லிக்கொடுத்து, தட்டில் அரிசியைப் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதவைத்தோம். அந்தச் சகோதரி காட்டிய வழி.

சான்றிதழ் வாங்குவதுதான் பெரிய போராட்டமாயிற்று. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்தக் குறைபாடும் சேர்க்கப்பட்டது. அப்பாவோ, "ஊனம்னு எழுதித் தருவாங்க. நாளைக்கு தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கையில நாலுபேர் கேப்பாங்க" என்று ஒருவருஷம் மறுத்துவிட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. கேட்கப்போகிற அந்த நாலுபேர் நம்முடைய சபையிலும்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசியில் வாங்கினார்கள். 2019-ல் கூடுதல் ஒரு மணி நேரத்தோடு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினான்.

"மத்த பிள்ளைங்களுக்கு இது அநியாயம் இல்லையா பிரதர்?" என்று ஒருவர் கேட்டார். பாயில் உட்காரமுடியாத பாட்டிமாருக்கு நாமே நாற்காலி போடுகிறோம். அநியாயம் என்று எந்த வாலிபனும் எழுந்து சொன்னதில்லை.

இப்போது அவன் மோட்டார் வைண்டிங் கடையில் வேலை செய்கிறான். போன மாதம் கடைக்குப் போயிருந்தபோது கேட்டேவிட்டேன். "தம்பி, அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உன் தலையில கை வச்சு ஒரு ஜெபம் பண்ணேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு அங்கிள்."

"அது தப்பு தம்பி. என்னை மன்னிச்சிரு."

கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "டீ சொல்லட்டுமா அங்கிள்?" என்றான்.