குற்றத்தை நிறுக்கும் தராசு

ஒருவன் செய்த குற்றத்தின் கனம் எதனால் அளக்கப்படுதல் வேண்டும்? அவனது எண்ணத்தாலா, செயலின் விளைவாலா, அன்றி அவன் கையில் அகப்பட்ட பொருளின் நிறையாலா? அறவியலார் நெடுங்காலமாக விவாதித்து வந்த இவ்வினாவுக்கு ஐக்கிய அமெரிக்காவின் போதைப்பொருட் சட்டம் விடையொன்றைத் தந்திருக்கின்றது. அவ்விடை எல்லா வர்க்கத்தாருக்கும் ஒன்றாக இல்லை என்பதே நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட விடயம்.

1986 ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 கிராம் ஹெரோயின் விற்றவனுக்கு ஆகக் குறைந்தது ஐந்து ஆண்டுச் சிறை. ஒரு கிலோவாயின் பத்து ஆண்டு. ஃபெண்டனில் என்ற செயற்கை மருந்தாயின் 40 கிராமே ஐந்தாண்டுக்குப் போதும். நீதிபதி இரங்க விரும்பினாலும் இவ்வெல்லைக்குக் கீழே இறங்குவது அரிது. நிறுக்கும்போது நஞ்சோடு கலந்த சீனியும் மாவும் சேர்ந்தே தராசில் ஏறுகின்றன. கலப்படம் மிகுந்தாற் குற்றமும் மிகும் என்பது விந்தையான நியாயமே. கிராமைக் கொண்டு குற்றத்தை அளக்கும் வழக்கம் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதெனக் கருதற்க. 1984 இல் திருத்தப்பட்ட எமது நாட்டுச் சட்டமும் 2 கிராம் ஹெரோயினுக்கு மரணதண்டனை அல்லது ஆயுட்சிறை என்றே வரையறுத்தது.

இதனினும் கடுமையான பிரிவொன்று அமெரிக்கச் சட்டத்தில் உண்டு. கொடுக்கப்பட்ட பொருளை உட்கொண்டவர் இறந்துவிடின், கொடுத்தவருக்கு ஆகக் குறைந்தது இருபது ஆண்டு. அவர் அம்மரணத்தை விரும்பினாரா, எதிர்பார்த்தாரா எனச் சட்டம் கேட்பதில்லை. அப்பொருள் இல்லாதிருந்தால் மரணம் நேர்ந்திராது என்பதை அரசு நிரூபித்தல் வேண்டும் என்று மட்டும் அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2014 இல் பரேஜ் வழக்கில் வரம்பிட்டது. 'விநியோகம்' என்ற சொல்லும் அகன்ற பொருளுடையது. காசு வாங்காது நண்பனோடு பகிர்ந்துகொள்வதும் அதனுள் அடங்கலாம். ஒரே இரவில் ஒரே பொருளை இருவர் தத்தம் நண்பருக்குக் கொடுக்கின்றனர் எனக் கொள்வோம். ஒரு நண்பன் காலையில் எழுகின்றான்; மற்றவன் எழவில்லை. எண்ணமும் செயலும் ஒன்றே. ஆயினும் ஒருவனுக்கு மட்டும் இருபது ஆண்டு காத்திருக்கின்றது.

இனி மாளிகைப் பக்கம் திரும்புவோம். 1996 இல் பேர்டியூ பார்மா என்ற கொம்பனி ஒக்ஸிகொண்டின் என்ற வலிநிவாரணியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஹெரோயினின் இனத்தைச் சேர்ந்ததே அதன் உட்பொருள். மெல்லக் கரையும் மாத்திரையாதலால் அடிமைப்படுத்தும் ஆபத்துக் குறைவு என்று விற்பனைப் பிரதிநிதிகள் மருத்துவர்களிடம் கூறினர். 1980 இல் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த ஐந்து வாக்கியக் கடிதமொன்று, அதுவும் வைத்தியசாலையில் தங்கியிருந்த நோயாளரைப் பற்றியது, இத்தகைய கூற்றுகளுக்கெல்லாம் ஆதாரமாக எடுத்தாளப்பட்டது. மருந்து வெள்ளமாய்ப் பாய்ந்த இடங்களுள் மேற்கு வேர்ஜீனியாவும் கிழக்குக் கென்டக்கியும் முதன்மையானவை. நிலக்கரிச் சுரங்கத்தில் உடல் தேய்ந்தோர் வாழும் பிரதேசங்கள் அவை. வலியோடு வேலைக்குச் செல்லவேண்டிய தொழிலாளியின் முதுகெலும்பே அங்கு சந்தையாயிற்று. 2010 இல் நொறுக்க இயலாதவாறு மாத்திரை மாற்றப்பட்டபோது, பழகிப்போனோரிற் பலர் ஹெரோயினை நாடினர்; பின்னர் ஃபெண்டனில் வந்தது. 2021 இலும் 2022 இலும் ஆண்டொன்றுக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கர் போதைப்பொருள் மிகையால் மாண்டனர். அவருட் பெரும்பாலோரைக் கொன்றது அபின் இனமே.

2007 இல் பேர்டியூவின் துணை நிறுவனம் ஏமாற்றும் நோக்குடன் மருந்தைத் தவறாக விவரித்த குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதிகாரிகள் மூவர் சிறு குற்றமொன்றை ஏற்றனர். தாம் நேரில் அறிந்து செய்ததாக அன்று, வகித்த பதவியின் பொறுப்பாலேயே. எல்லாமாக ஏறத்தாழ 634 மில்லியன் டொலர் தண்டம். மூவருக்கும் நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணிநேரச் சமூகசேவையும் விதிக்கப்பட்டன, சிறை இல்லை. எண்ணத்தைக் கேளாத சட்டம் இருவகையினர்மீதும் பாய்ந்தது என்பதைக் கவனிக்க. கைமாறிய பொட்டலத்துக்கு இருபது ஆண்டு; இவர்களுக்கு நானூறு மணி. 2020 இல் பேர்டியூ மீண்டும் மூன்று குற்றங்களை ஒப்புக்கொண்டது. உரிமையாளரான சாக்லர் குடும்பத்தார்மீது குற்றவியல் வழக்கு எதுவும் தொடுக்கப்படவில்லை.

விதிவிலக்கு இல்லாமலில்லை. ஃபெண்டனில் மருந்தை எழுதிக்கொடுக்க மருத்துவருக்குக் கையூட்டு வழங்கிய இன்சிஸ் கொம்பனியின் நிறுவனர் ஜோன் கபூருக்கு 2020 இல் 66 மாதச் சிறை கிடைத்தது. 40 கிராம் வைத்து விற்றவனுக்குரிய ஆகக் குறைந்த தண்டனை 60 மாதம்.

அவ்வாறாயின் முதலாளிகளையும் இருபதாண்டு அடைத்துவைப்பதே நீதியா எனச் சிலர் வினவக்கூடும். எம் தோழருட் சிலருக்கு அது உவப்பாகவும் இருக்கும். கொடுமையைச் சமமாகப் பங்கிடுமாறு நாம் கேட்கவில்லை. ஒருவன் எதை அறிந்திருந்தான், விலகிக்கொள்ள அவனுக்கு எவ்வளவு வழியிருந்தது என்பவையே அளவுகோலாதல் வேண்டும் என்கிறோம். தெருவில் விற்பவன் பல வேளைகளில் தன் நோய்க்கே விற்பவன். அறிந்தே ஃபெண்டனிலைக் கலந்து விற்பவனுக்காக நாம் வாதாட வரவில்லை. ஆயின், எந்த ஊரில் எத்தனை மாத்திரை விலைபோயிற்று என்ற கணக்கை மேசைமீது வைத்திருந்தவர் 'அறியேன்' எனல் எங்ஙனம்?

கடுந்தண்டனை உயிர்காக்கும் என்போர் ஒன்றை எண்ணுதல் வேண்டும். மூச்சடங்கிக் கிடப்பவனை நலொக்சோன் என்ற மாற்று மருந்து சில நிமிடங்களில் மீட்டுவிடக்கூடும். அதற்கு, அருகிலிருக்கும் நண்பன் உதவிக்கு ஆளழைக்க வேண்டும். அழைத்தவரைக் காக்கும் சட்டங்கள் பெரும்பாலான மாநிலங்களில் உண்டு. ஆனால் அக்காப்பு பொதுவாகச் சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கே; நண்பன் இறந்துவிடின் வரும் வழக்குக்குப் பெரும்பாலும் இல்லை. இதை அறிந்த அவ்விளைஞன் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு, அழைப்பதா ஓடுவதா எனக் கணக்கிடுகின்றான்.