அமானிதம் சுமக்கும் கைகள்

குழந்தை யாருக்குச் சொந்தம்? பெற்றோருக்கு என்பர் சிலர். பெற்றோர் இல்லையேல் அரசுக்கு என்பர் வேறு சிலர். எவருக்கும் சொந்தமன்று, இறைவன் ஒப்படைத்த அமானிதம் என்பதே நாம் கற்ற பாடம். அதைச் சுமக்கும் கை தளரும்போது, அமானிதத்தைப் பறிப்பதா, தளர்ந்த கையைத் தாங்குவதா? குழந்தைகள் நலப் பணியாளர் ஓர் ஏழை வீட்டு வாசலில் நிற்கும்போதெல்லாம் எழும் வினா இதுவே.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. கடலூரின் தேவனாம்பட்டினம் முதல் சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக் கரை வரை ஒரே அழுகுரல். பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவ மக்களுக்குச் சமைத்து உணவளித்தனர். பசிக்குச் சோறு போதும். தாயையும் தந்தையையும் இழந்த பிள்ளைக்கு எது போதும்?

அவசரத் தத்துக்கு அரசு இடந்தரவில்லை. கடலூரில் காப்பகம் திறந்தது. இருவரையும் இழந்த குழந்தையின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புநிதி இட்டது. யாவும் வேண்டியனவே. ஆயினும் பல பிள்ளைகளுக்குப் பாட்டியோ சிற்றப்பனோ எஞ்சியிருந்தனர். அவர்கள் இழந்தது படகையும் வலையையும் கூரையையும், பாசத்தையன்று.

‘பணத்துக்காகத்தானே உறவு கொண்டாடுகிறார்கள்?’ என்ற ஐயம் எழலாம். எத்தீமின் பொருளை உண்போரைத் திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் எச்சரிப்பதை அறிந்த நாம் அந்த ஐயத்தை இகழோம். ஆனால் ஐயம் விழிப்பைத் தரவேண்டும். வீடு முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடலாகாது. நம் நாயகம் (ஸல்) அவர்களைப் பாட்டனார் அப்துல் முத்தலிபுக்குப்பின் வளர்த்த அபூதாலிப் செல்வரல்லர். பிள்ளைகள் நிறைந்த வீடு அவருடையது. வறுமையை மட்டும் அளக்கும் அதிகாரி ஒருவர் அன்று அவ்வீட்டுக்கு வந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்?

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும், நிறுவனத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே வைக்கிறது. எனவே பணியாளர் முதலில் விருந்தினராக வரவேண்டும். பாயில் அமர்ந்து, ‘என்ன இல்லை?’ என்பதற்குமுன் ‘யார் யார் இருக்கிறீர்கள்?’ என்று கேட்கவேண்டும். பிள்ளையின் விருப்பத்தைத் தனியே கேட்டறியவேண்டும். இறப்புச் சான்றும் குடும்ப அட்டையும் பெறத் துணைநிற்க வேண்டும். ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில், தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. அதனை அறியாத பாட்டிக்கு எடுத்துரைத்து, விண்ணப்பத்தையும் எழுதித் தரவேண்டும். ஒருமுறை வந்து குறிப்பெழுதிச் செல்வது விசாரணை. மறுமுறையும் வருவதே ஆதரவு.

ஆனால் தாங்கவேண்டிய கையே வதைக்கும் கையானால்? அங்கே தயக்கம் பாவம். பிள்ளையை உடனே காக்கவேண்டும். 1098 எண்ணை அழைப்பவரை ‘குடும்ப மானத்தைக் கெடுத்தவர்’ என்று ஏசும் வழக்கம் நம் தெருக்களிலும் உண்டு. கொடுமைக்குத் திரைபிடிப்பது மானமன்று. வறுமையைக் கொடுமையாக எண்ணுவது அதிகாரியின் பிழை. கொடுமையை வறுமையின் பெயரால் பொறுப்பது நம் பிழை.

அதிகாரி எப்படி வரவேண்டும் என்று இவ்வளவு சொன்னோம். தந்தையை இழந்த பிள்ளை ஒன்று நம் மஹல்லாவிலும் இருக்கும். அதிகாரி வருமுன்னர் அந்த வாசலுக்கு நாம் எத்தனை முறை சென்றோம்?