வெள்ளை உடுப்பு

நான் செய்த ஒரு நல்ல காரியத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். நல்ல காரியம் என்றுதான் அன்று எங்கள் தெருவில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பினேன். பல மாதங்கள் கழித்துத்தான், நான் செய்தது என்ன என்று எனக்கே விளங்கிற்று. விளங்கிய நாள் முதல் அதை நினைக்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.

2020ஆம் ஆண்டு மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. கொரோனா வந்துவிட்ட நேரம். அன்று மாலை 5 மணிக்கு நாடெங்கும் மக்கள் வாசலில் வந்து நின்று, டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் நன்றி தெரிவித்துக் கைதட்டினார்கள். எங்கள் தெருவும் தட்டிற்று. எதிர் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தாசில்தார் பூஜை மணியைக் கொண்டுவந்து ஆட்டினார். அடுத்த வீட்டுப் பையன் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்தான். நான் கை சிவக்கத் தட்டினேன். கண்ணில் நீர் கூடத் துளிர்த்தது.

எங்கள் தெருவில் நாலாவது வீட்டு மாடியில் ஒரு நர்ஸ் குடியிருக்கிறாள். கணவனுக்கு வெளியூரில் வேலை. பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி, வயதான மாமியார், இவ்வளவுதான் குடும்பம். நாங்கள் கைதட்டியபோது அவள் தெருவில் இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்தாள். விருந்துக்குரியவளைத் தவிர மற்ற எல்லோரும் பந்தியில் இருந்தோம்.

இரண்டு வாரம் சென்றது. அதற்குள் ஊரடங்கு வந்திருந்தது. பஸ் இல்லை. ஆஸ்பத்திரி வேன் அவளைக் காலையில் தெருமுனையில் ஏற்றிக்கொண்டு போய், இரவில் அங்கேயே இறக்கிவிடும். முனையிலிருந்து வீடுவரை, வெள்ளை உடுப்போடு, கையில் ஒரு பையோடு அவள் நடந்து வருவாள். ஒருநாள் மாலை எங்கள் தெருவின் பெரிய மனிதர்கள் நாலைந்து பேர் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, இரண்டு கஜ தூரம் விட்டு விட்டு நின்றுகொண்டு, அவளைப் பற்றி யோசனை செய்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள்.

“வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட வேண்டியதுதான்” என்றார் ஒருவர்.

வீட்டுக்காரர் தயங்கினார். மாதம் தவறாமல் வாடகை கொடுக்கிறவளை எப்படி அனுப்புவது?

“ஆஸ்பத்திரியிலே போட்டிருந்த உடுப்போடேயே வர்றா சார். காய்கறி வண்டி நிற்கிற வழி அது. கூசாம நடந்து போறா” என்றார் இன்னொருவர்.

அப்போதுதான் நான் வாய் திறந்தேன். “அந்த அம்மாளை ஏன் காலி பண்ணச் சொல்ல வேண்டும்? உங்களுக்கு ஆட்சேபம் உடுப்புதானே? அதைப் போட்டுக்கொண்டு தெருவுக்குள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போயிற்று.”

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. ‘எழுதுகிறவருக்கு எப்போதும் மனித சுபாவம் தெரியும்’ என்று தாசில்தார் மெச்சினார். சேதியைச் சொல்லும் பொறுப்பும் என்னிடமே வந்தது. மாடிப்படியின் கீழே நின்று, மிகவும் மரியாதையாகச் சொன்னேன். அவள் மேல்படியில் நின்று கேட்டுக்கொண்டாள். “சரிங்க சார்” என்றாள். அவ்வளவுதான். மறுநாள் முதல் வெள்ளை உடுப்பு எங்கள் தெருவில் தென்படவில்லை. ஒரு குடும்பத்தைத் தெருவில் நிற்காமல் காப்பாற்றிவிட்டேன் என்ற திருப்தியோடு அன்று தூங்கினேன்.

நான் திருப்திப்பட்டதில் ஓரளவு அர்த்தமும் இருந்தது. அந்த நாட்களில் மற்ற இடங்களில் நடந்தவை இன்னும் மோசம். கைதட்டி இரண்டு நாள் ஆவதற்குள், மார்ச் 24ஆம் தேதி, டாக்டர்களையும் நர்ஸ்களையும் வீட்டைவிட்டு வெளியேற்றும் வீட்டுக்காரர்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி தில்லி அரசாங்கம் உத்தரவு போட வேண்டியிருந்தது. ஏப்ரலில், சென்னையிலேயே, கொரோனாவில் இறந்த ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரை அடக்கம் செய்யப் போனவர்களை ஒரு கூட்டம் கல்லால் அடித்து விரட்டிற்று. சக மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் தாமே மண் தள்ளி அவரை அடக்கம் செய்தார். அதே மாதம் 22ஆம் தேதி, 1897ஆம் வருஷத்துக் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவ ஊழியர்களைத் தாக்கிப் படுகாயப்படுத்துவோருக்கு 7 ஆண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் பிறந்தது. மெக்சிகோ தேசத்தில் நர்ஸ்கள் மீது பிளீச்சிங் திரவத்தை ஊற்றினார்கள். வெளியே போகும்போது சீருடை அணிய வேண்டாம் என்று அவர்களுக்குப் புத்தி சொல்லப்பட்டது. நான் மாடிப்படியின் கீழே நின்று சொன்ன அதே புத்திதான். அடித்தவனிடம் அடிக்காதே என்று சொல்வதைக் காட்டிலும், அடிபடுகிறவளிடம் மறைந்து போ என்று சொல்வது எல்லா ஊரிலும் சுலபமாக இருந்திருக்கிறது.

அந்த ஆண்டு முடிகிற சமயத்தில் அவளுடைய மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்து, என் மனைவியிடம் பேச்சுவாக்கில் ஒரு விஷயம் சொன்னாள். ஆஸ்பத்திரியில் உடை மாற்ற இடம் கிடையாதாம். பெண் ஊழியர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு குளியலறை; வேலை முடிந்ததும் அங்கே வரிசையில் நின்றால் வேன் போய்விடும். அதனால் மருமகள் ஒரு பழைய சேலையைப் பையில் எடுத்துக்கொண்டு போவாளாம். தெருமுனை வந்ததும், வேனுக்குள்ளேயே, உடுப்பின் மேல் அந்தச் சேலையைச் சுற்றிக்கொண்டு இறங்கி வருவாளாம். “வீட்டுக்கு வந்து ரெண்டையும்ல நனைச்சுப் போட வேண்டியிருக்கு. சோப்பு ரெட்டைச் செலவு” என்றாளாம் கிழவி.

உள்ளே இருந்த எனக்கு இது காதில் விழுந்தது. ஆக, உடுப்பு ஒருநாள் கூட எங்கள் தெருவுக்குள் வராமல் இருந்ததில்லை! கிருமி என்று ஒன்று அதில் இருந்திருந்தால், அதுவும் தினந்தோறும் காய்கறி வண்டியைத் தாண்டித்தான் போயிருக்கிறது. நாங்கள் பார்க்கவில்லை, அதனால் நிம்மதியாக இருந்தோம். நாங்கள் கேட்டது பாதுகாப்பு என்று நினைத்தோம். உண்மையில் நாங்கள் கேட்டது, எங்கள் கண்ணில் படாதே என்பதுதான்.

சுத்தம் வேறு, தீட்டு வேறு. சுத்தத்துக்குக் கணக்கு உண்டு: இவ்வளவு சோப்பு, இவ்வளவு சூடு, இவ்வளவு நேரம் என்று. தீட்டுக்குக் கணக்கு கிடையாது; விலகி நில் என்ற ஒரே பரிகாரம்தான். நம் வீடுகளில் தீட்டு பழைய சங்கதி. அது போய்விட்டது என்று நாம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். அது கிருமி என்ற புதுப் பெயரை வைத்துக்கொண்டு, கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு, எங்கள் தெருமுனையில் வந்து நின்றபோது, எனக்கே அடையாளம் தெரியவில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. பிரிட்டனில் நர்ஸ்கள் சீருடையோடு கடைக்குப் போவதும் பஸ்ஸில் ஏறுவதும் வெகுகாலமாகவே முகச்சுளிப்புக்கு உரிய விஷயம். அந்நாட்டுச் சுகாதார இலாகா 2007இல் இதை ஆராய்ந்து பார்த்தது. வெளியே அணியும் சீருடையால் நோய் பரவுகிறது என்பதற்கு முடிவான சான்று எதுவும் இல்லை என்று கண்டது. 60 டிகிரி வெந்நீரில் 10 நிமிஷம் துவைத்தால் அநேகமாக எல்லாக் கிருமியும் போய்விடும் என்றும் சொல்லிற்று. சொல்லிவிட்டு, ஆனாலும் வெளியே போகும்போது உடுப்பை மாற்றிக்கொள்வது அல்லது மூடிக்கொள்வது நல்லது, ஏனென்றால் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை என்று முடித்தது. நான் பெருமைப்பட்ட சமரசத்தை ஓர் அரசாங்கமே அச்சிட்டு வைத்திருக்கிறது. அங்கே மேல்கோட்டு, எங்கள் தெருவில் பழைய சேலை.

அதே சமயத்தில் அந்த இலாகா வேறொன்றும் செய்தது. டாக்டர்கள் நோயாளியைத் தொடும்போது நீளக் கை வைத்த வெள்ளைக் கோட்டு கூடாது, கழுத்துப் பட்டை கூடாது, கைக்கடிகாரம் கூடாது என்று விதித்தது. ஒரு நோயாளியிடமிருந்து இன்னொரு நோயாளிக்குக் கிருமியைக் கொண்டு போகக்கூடியவை அவை என்று கருதிற்று. ஆனால் டாக்டரின் கோட்டைக் கண்டு தெருவில் யாராவது மூக்கைப் பிடித்ததுண்டா? ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டபடியே ஹோட்டலில் காபி சாப்பிடும் டாக்டரைப் பார்த்து நாம் எழுந்து கும்பிடுகிறோம். அதே மேஜையில் ஆஸ்பத்திரி ஆயா தன் நீலச் சேலையோடு வந்து உட்கார்ந்தால், நம் காபி திடீரென்று கசக்கிறது. இரண்டும் ஒரே வார்டிலிருந்து வந்தவைதாம். கிருமிக்கு அந்தஸ்து தெரியாது; நம் அருவருப்புக்குத் தெரிகிறது.

வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில் இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. அங்கே இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. மருத்துவச்சிகள் பார்த்த வார்டைவிட, டாக்டர்களும் மாணவர்களும் பார்த்த வார்டில் தாய்மார்கள் மிக அதிகமாக இறந்தார்கள். பிணத்தை அறுத்துவிட்டு அந்தக் கையோடு பிரசவம் பார்க்க வருகிறார்கள் என்பதை 1847இல் செம்மல்வைஸ் என்ற டாக்டர் கண்டுபிடித்தார். குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். சாவு மளமளவென்று குறைந்தது. ஆனால் பெரிய வைத்தியர்கள் பலர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தங்கள் கை அழுக்காக இருக்கக்கூடும் என்று நினைக்கவே அவர்களால் முடியவில்லை. அழுக்கை எப்போதும் நமக்குக் கீழே இருப்பவரிடம் தேடிப் பழகியவர்களுக்கு அது கஷ்டந்தான்.

நர்ஸ்கள் எந்த உடுப்போடும் எங்கும் போகலாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆபரேஷன் அறையில் போட்ட உடையோடு சாப்பாட்டுக் கடைக்கு வருவது சரியல்ல. அதை எந்த நர்ஸும் ஒப்புக்கொள்வாள். மாற்றிக்கொண்டு வா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் மாற்றிக்கொள்ள அறை எங்கே, பூட்டி வைக்க அலமாரி எங்கே, துவைக்க வெந்நீர் எங்கே என்று சேர்த்துக் கேட்டால்தான் அது உரிமை. அந்தக் கேள்விகள் ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் போக வேண்டியவை. அங்கே போகாமல், மாடிப்படியில் நிற்கும் ஒரு பெண்ணிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புகிறோம். நம்முடைய பயத்துக்கான சோப்புச் செலவை அவள் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்கிறோம். அன்று நான் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதுவதுதானே என் தொழில்? தோன்றவே இல்லை.

கொரோனா ஓய்ந்து, தடைகளெல்லாம் தளர்ந்த பிறகு அவள் மறுபடியும் உடுப்போடுதான் தெருவில் வருகிறாள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. தாசில்தார் தம் ரத்த அழுத்தத்தை அவளிடம்தான் பார்த்துக்கொள்கிறார். எங்கள் தெரு எல்லாவற்றையும் மறந்துவிட்டது.

போன மாதம் ஒருநாள் டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். நல்ல கூட்டம். என் பக்கத்தில் மட்டும் ஓர் இடம் காலியாயிற்று. ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் அவள் ஏறினாள். அதே வெள்ளை உடுப்பு, அதே பை, பன்னிரண்டு மணி நேரம் நின்ற களைப்பு. நான் நகர்ந்துகொண்டு, “உட்காரம்மா” என்றேன்.

அவள் உடனே உட்காரவில்லை. தன் உடுப்பை ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டாள். பிறகு, “உட்காரலாங்களா சார்?” என்று கேட்டாள்.

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். அந்தக் கேள்வியை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.